ஓரம் மழிப்பது யாருக்காக?

மடக்குக்கத்தியைப் பற்றிப் பேச உட்காருபவர்கள் பெரும்பாலும் அலகைப் பற்றியே பேசிவிட்டு எழுந்து போகிறார்கள். எஃகில் கார்பன் எவ்வளவு, எந்தக் கல்லில் தீட்டினால் மயிர் மழிக்கும், எலுமிச்சை நறுக்கினால் கறுக்குமா என்று. கத்தி நம் கையோடு உறவாடும் இடமோ பிடி. அதிலும் பிடியின் ஓரம். பக்கமும் முதுகும் சந்திக்கும் அந்த நீண்ட விளிம்பை உருட்டி மழித்துவிட வேண்டுமா, அறுத்தெடுத்த கட்டைபோலச் சதுரமாக விட்டுவிட வேண்டுமா என்பதில் பேனாக்கத்திப் பிரியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறார்கள். வெளியாள் கேட்டால் சிரிப்பார். ஆனால் அரைமணி நேரம் ஒரு குச்சியைச் சீவிப் பார்த்தவர் சிரிக்கமாட்டார். அவர் ஆள்காட்டி விரலின் உள்மடிப்பில் ஒரு சிவந்த கோடு விழுந்திருக்கும்.

உருண்டைக் கட்சி சொல்வது: கைக்கு இதம், பாக்கெட்டுக்கு இதம், பழைய கத்திகள் எல்லாம் இப்படித்தான் இருந்தன. சதுரக் கட்சி சொல்வது: அலகு எந்தப் பக்கம் நோக்கி நிற்கிறது என்பதைப் பார்க்காமலே கை அறியும், கைவேலையின் துல்லியம் மறைக்க இடமில்லாமல் தெரியும், வேண்டாமென்றால் பிறகு மழித்துக்கொள்ளலாம். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு கட்சியும் வரவைச் சரியாகக் கணக்கிட்டுவிட்டுத் தவறான பேரேட்டில் எழுதுகின்றன என்பது என் வாதம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். சதுரம், உருண்டை என்ற சொற்களை ஆளுக்கொரு பொருளில் வீசுகிறார்கள். மூடிய கத்தியை மேசையில் படுக்கவைத்துப் பார்த்தால் அதன் நுனி வளைந்தோ வெட்டினாற்போலோ தெரியும். அது உருவரை. பிடியைக் குறுக்கே அறுத்தால் எப்படித் தெரியும் என்பது வெட்டுமுகம். வட்டமாகவும் இருக்கலாம், நீள்வட்டமாகவும் இருக்கலாம், செவ்வகமாகவும் இருக்கலாம். ஓரம் என்பது மூன்றாவது. செவ்வக வெட்டுமுகம் கொண்ட பிடிக்கும் ஓரம் மழுங்கியிருக்கலாம். உருவரை அழகாக வளைந்த பிடிக்கும் ஓரம் கத்திபோல நிற்கலாம். இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டு வாதாடுவதால்தான் வழக்கு முடியாமல் இழுக்கிறது. உருவரையை இங்கே விட்டுவிடுகிறேன். அது பெரும்பாலும் கண்ணின் விஷயம்.

உருண்டைக் கட்சியின் பெரிய சாட்சி ஒப்பினெல். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கிய உழவர் கத்தி. 1897இல் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிட்ட அளவுகளில் வந்தது. அவற்றுள் உலகம் அதிகம் அறிந்தது எட்டாம் எண்; அலகு 8.5 செ.மீ. பீச் மரத்தில் கடைந்த பிடி, முற்றான உருளை என்று சொல்ல முடியாது. நடுவில் சற்றே புடைத்து, வாலை நோக்கி ஒடுங்கி, கடைசியில் சாய்வாக வெட்டுப்பட்டு நிற்கும். அலகு மடிந்து உட்காரும் பள்ளத்தின் இரண்டு உதடுகளையும் அந்த வால் வெட்டையும் தவிர எங்கும் மூலை கிடையாது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1985இல் உலகின் மிக அழகிய பொருள்களின் வரிசையில் இதைச் சேர்த்தது. அருங்காட்சியகம் ஏற்றுக்கொண்டது கண்ணுக்காக. கை ஏற்றுக்கொள்வதற்கான காரணத்தைக் கடினமான கட்டை ஒன்றை எடுத்துச் சீவும்போது அறியலாம். கத்தியை இறுக்கிப் பிடித்தாலும் அழுத்தம் ஒரு கோட்டில் குவியாமல் உள்ளங்கை முழுதும் பரவுகிறது. விசை அதேதான்; தாங்கும் பரப்பு கூடும்போது தோல் உணரும் அழுத்தம் குறைகிறது. பள்ளிக்கூடப் பௌதிகம்.

ஆனால் ஒப்பினெல் உருண்டையாக இருப்பது கையை நினைத்து மட்டும் வந்ததில்லை. பிடியின் தலையில் ஓர் உலோகப் பூண் இருக்கிறது. 1955இல் மார்செல் ஒப்பினெல் அதன் மேல் சுழலும் வளையம் ஒன்றைச் சேர்த்தார். திறந்த அலகு தானாக மடிந்து விரலை வெட்டாமல் அதைத் திருப்பிப் பூட்டலாம். சுழலும் வளையம் உட்கார வட்டமான இருக்கை வேண்டும். சதுரப் பிடியில் அந்தப் பூட்டுக்கு இடமே இல்லை. ஆக, ஒப்பினெலின் வட்டத்தில் ஒரு பங்கு பூட்டு கேட்டது, ஒரு பங்கு மரம் கடையும் முறை கேட்டது, மிச்சம்தான் கை கேட்டது. உருண்டைக் கட்சிக்காரர்கள் மூன்றையும் கையின் பேரில் எழுதிக்கொள்கிறார்கள்.

அந்தப் பூட்டு இன்னொன்றையும் சொல்கிறது. வட்டப் பிடியின் குறை, கைக்குள் அது உருளும் என்பது. ஈரக்கையோடு, பழச்சாறு வழிய, அழுத்தி வெட்டும்போது பிடி சில பாகை திரும்பினால் அலகும் திரும்பும். பூட்டுள்ள கத்திக்கு இது சங்கடம். பூட்டில்லாத கத்திக்கு ஆபத்து. மரபான பேனாக்கத்திகள் பெரும்பாலானவற்றில் பூட்டு இல்லை, முதுகு ஸ்பிரிங்கின் இறுக்கம் மட்டுமே அலகை நிறுத்தி வைக்கிறது. அலகின் முதுகில் தவறுதலாக விசை விழுந்தால் மடிந்துவிடும். அங்கே கூர் எந்தத் திசையில் நிற்கிறது என்று கைக்குத் தெரிந்தே ஆக வேண்டும். கோடாலிக் காம்பையும் சுத்தியல் பிடியையும் நீள்வட்டமாகச் செதுக்குவதன் நியாயமும் இதுதான்: திசை உள்ள கருவிக்குத் திசை உள்ள பிடி.

எனவே வட்ட வெட்டுமுகத்தைப் பேனாக்கத்திக்குப் பொது விதியாக ஏற்க முடியாது. ஒப்பினெல் தன் பூட்டினால் பெற்ற சலுகை அது. மற்றவர்கள் அதைக் கடன் வாங்கக்கூடாது.

சரி, எதிர்த்தரப்புக்கு வருவோம். சதுரத்தின் சுத்தமான வடிவம் ஜப்பானின் ஹிகோனோகாமி. ஹ்யோகோ மாநிலத்தின் மிக்கி நகரம் கொல்லுப் பட்டறைகளுக்குப் பேர்போனது. 1890களில் அங்கே பிறந்த இந்தக் கத்தியைப் பார்த்தால் இதைவிட எளிமையாக ஒரு மடக்குக்கத்தி செய்ய முடியாது என்று தோன்றும். ஒரு பித்தளை அல்லது இரும்புத் தகட்டை நீளவாக்கில் மடித்துவிட்டால் அது பிடி. அலகை ஒரு ரிவெட்டில் கோத்துவிட்டால் அது கத்தி. ஸ்பிரிங் கிடையாது, பூட்டு கிடையாது. அலகின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நெம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பதுதான் பாதுகாப்பு. ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ இதைத்தான் வைத்திருந்தார்கள். 1960இல் சோஷலிஸ்ட் தலைவர் அசனுமா மேடையிலேயே ஒரு சிறுவனின் குறுவாளுக்குப் பலியான பிறகு பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்ற இயக்கம் வலுத்தது. கத்தியும் பையிலிருந்து மறைந்தது. பெயர் உரிமையோடு இன்று அதைச் செய்வது நாகாவோ குடும்பப் பட்டறை.

இதைக் கையில் எடுங்கள். பக்கங்கள் சமதளம். கட்டைவிரல் ஒரு பக்கம், நடுவிரல் மறுபக்கம் என்று பிடித்தால் அலகு எங்கே பார்க்கிறது என்பதில் சந்தேகமே வராது. பென்சில் சீவும்போது இந்தப் பிடிக்கு ஈடு இல்லை. மெல்லிய வேலை, மெல்லிய விசை, துல்லியமான கோணம். இப்போது ஒரு வேப்பங்கிளையை எடுத்துச் சீவுங்கள். விரல்கள் சுற்றி வளைந்து அழுத்துவது தகட்டின் திறந்த வாயை. அங்கே இருப்பது இரண்டு வெற்றுத் தகட்டு விளிம்புகள். ஐந்து நிமிடத்தில் விரல் மடிப்பில் இரட்டைத் தண்டவாளம்போல இரண்டு கோடுகள் பதியும். தொடர்ந்தால் கொப்புளம்.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். திசை சொன்னது எது? தட்டையான பக்கங்கள். விரலை அறுத்தது எது? கூர்மையான விளிம்புகள். இரண்டும் ஒரே பிடியில் சேர்ந்திருப்பதால் ஒன்றில்லாமல் மற்றொன்று கிடைக்காது என்று நினைத்துக்கொள்கிறோம். சதுரக் கட்சியின் முதன்மை வாதம் முழுவதும் இந்த மயக்கத்தில்தான் நிற்கிறது. பக்கத்தைத் தட்டையாகவே விட்டு விளிம்பை மட்டும் மழித்தால் திசை எங்கும் ஓடிப்போகாது. அதேபோல, உருண்டைக் கட்சி கொண்டாடும் இதம் மழுங்கிய விளிம்பிலிருந்து வருகிறது. அதற்காக வெட்டுமுகம் முழுவதையும் வட்டமாக்க வேண்டியதில்லை.

இந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிடலாம் போலிருக்கிறது. ஆனால் எவ்வளவு மழிப்பது, எங்கே மழிப்பது, யாருக்காக மழிப்பது என்ற கேள்விகள் நிற்கின்றன. கடைசிக் கேள்விக்கு நல்ல பாடம் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது.

கார்ல் எல்சனர் 1884இல் தொடங்கிய பட்டறைதான் இன்றைய விக்டோரினாக்ஸ். 1891 முதல் சுவிஸ் படைக்குக் கத்தி கொடுத்தது. 1897இல் அதிகாரிக் கத்தி வந்தது. அந்த அதிகாரிக் கத்தியின் வாரிசுதான் உலகமே அறிந்த சிவப்புக் கத்தி. அதன் பிளாஸ்டிக் பட்டைகளின் ஓரங்கள் அழகாக உருட்டப்பட்டவை. தடவிப் பார்த்தால் கூழாங்கல் போலிருக்கும். ஆனால் அலகைத் திறந்து அழுத்தி வெட்டிப் பாருங்கள். உள்ளங்கை போய் உட்காரும் இடம் பிடியின் முதுகு. அங்கே என்ன இருக்கிறது? தக்கை திருகியும் துளையூசியும் மடிந்து கிடக்கின்றன. உருட்டிய ஓரமெல்லாம் வெளிப்பக்கத்தில். கை அழுத்தும் இடத்தில் இரும்புச் சுருள். அந்த உருட்டல் யாருக்காகச் செய்யப்பட்டது என்பது தெளிவு. பாக்கெட்டுக்காக. துணி கிழியாமல், சாவியோடு உரசாமல், தொடையில் உறுத்தாமல் இருக்க.

அதே கம்பெனி 1961இல் படைவீரருக்கு அலுமினியப் பட்டை போட்ட கத்தியைக் கொடுத்தது. 93 மி.மீ. நீளம். பட்டையில் வைரக்கட்டம்போல அச்சடித்த சொரசொரப்பு, தட்டையான பக்கம், கிழிக்காத ஆனால் உருட்டப்படாத ஓரம். கணக்குப்படி இது பாக்கெட்டுக்குப் பகையாக இருக்க வேண்டும். நடப்பில், ஓர் அலகு அடுக்குக் குறைவான அலுமினியக் கத்தி பாக்கெட்டில் கிடப்பதே தெரியாது. காரணம் அது மெல்லியது. பாக்கெட் பார்ப்பது தடிமனை, ஓரத்தை அல்ல. கொழுத்த உருண்டையைவிட மெல்லிய சதுரம் பாக்கெட்டில் சமர்த்தாகக் கிடக்கும். ஒப்பினெல் எட்டாம் எண்ணை இறுக்கமான கால்சட்டையில் போட்டு உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

அந்த அலுமினியக் கத்தி படையில் 2008 வரை இருந்தது. பிறகு வந்தது 111 மி.மீ. நீளம், ஒரு கையால் திறக்கும் அலகு, பூட்டு, கைக்கேற்ப வளைத்து வழுக்காத பொருள் பதித்த பிளாஸ்டிக் பிடி. கையுறையோடு, அவசரத்தில், பலமாக வெட்ட வேண்டிய ஆளுக்கு மெல்லிய தட்டைப் பிடி போதவில்லை என்று படையே ஒத்துக்கொண்டதாகத்தான் இதை வாசிக்க வேண்டும். கை கேட்டதைக் கொடுத்தார்கள். பாக்கெட் அதற்கு விலை கொடுத்தது.

ஒரு பேனாக்கத்தி நாள் முழுதும் பாக்கெட்டில் கிடந்து சில நிமிடமே கையில் வேலை செய்கிறது, அதனால் பாக்கெட்டின் கேள்விக்கே முதல் மரியாதை என்று சிலர் சொல்வார்கள். வீட்டில் விட்டுவந்த கத்தி எதையும் வெட்டாது என்பது உண்மைதான். ஆனால் பாக்கெட்டுக்கு வேண்டியது மெலிவு என்று பார்த்தோம். அதைக் கொடுத்துவிட்டால் ஓரத்தின் மேல் பாக்கெட்டுக்குப் பெரிய உரிமை ஒன்றும் மிச்சமில்லை. தலைப்பூணின் கூர்மூலைகள் துணியைத் தின்னாதபடி ஒரு தடவு தடவினால் அதன் வழக்கு முடிந்தது. ஓரம் கைக்கு உரியது.

இனி கைவேலைக்கு வருவோம். சதுரக் கட்சியின் இரண்டாவது வாதம் இங்கேதான் இருக்கிறது. எனக்கு இந்த விவாதத்தில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தனித்தனிச் சிறு பட்டறைகளில் வேலைசெய்த கைவினைஞர்களும், அவர்கள் வழியில் அமெரிக்காவில் வளர்ந்த பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்ட் நகர கேஸ் போன்ற கம்பெனிகளும், 2006இல் அதே மாநிலத்து டைட்டஸ்வில்லில் தொடங்கிய கிரேட் ஈஸ்டர்ன் போன்ற புதியவர்களும் செய்யும் ஒற்றை அலகுக் கத்தியின் முதுகை உற்றுப் பாருங்கள். ஐந்து அடுக்கு. எலும்புப் பட்டை, பித்தளை உள்தகடு, நடுவில் எஃகு ஸ்பிரிங், மறுபடி பித்தளை, மறுபடி எலும்பு. தலையில் ஜெர்மன் சில்வர் பூண். எல்லாவற்றையும் ரிவெட் அடித்துச் சேர்த்த பிறகுதான் பட்டைச் சக்கரத்தில் பிடித்து ஒரே தளமாக்குகிறார்கள். விரல்நகத்தைக் குறுக்கே ஓட்டினால் எங்கும் தடுக்கக்கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஸ்பிரிங்குக்கும் தகட்டுக்கும் இடையே ஒளி கசியக்கூடாது.

சதுர ஓரத்தை விட்டுவைத்தால் இந்த அடுக்குகளின் கோடுகள் நேராக, கூர்மையாகத் தெரியும். பாலிஷ் சக்கரத்தில் கொடுத்து உருட்டிவிட்டால் சேராத இணைப்புகளை மெழுகி மறைத்துவிடலாம் என்பது சதுரக் கட்சியின் குற்றச்சாட்டு. இதில் பாதி உண்மை. சக்கரத்தில் அளவுக்குமேல் தேய்த்த கத்திகள் கடைகளில் உண்டு. அவற்றைக் கண்டுபிடிப்பதும் சுலபம். ஐந்து அடுக்கும் ஒரே கடினம் கொண்டவை அல்ல. எலும்பு சீக்கிரம் தேயும், பித்தளை அடுத்து, வாட்டி இறுக்கிய எஃகு கடைசி. கண்மூடித்தனமாகத் தேய்த்தால் எலும்பும் பித்தளையும் வடிந்துபோய், நடுவில் ஸ்பிரிங் மட்டும் வரப்புபோல் நிமிர்ந்து நிற்கும். பூணும் எலும்பும் சேரும் இடத்தில் ஒரு சின்னப் படி விழும். வேடிக்கை என்னவென்றால், இப்படிக் கெட்ட உருட்டலில் கைக்குக் கிடைப்பது நிமிர்ந்த எஃகின் சதுர ஓரம்தான்.

மறுபாதி தவறு. கடினம் வேறுபட்ட அடுக்குகளைப் படி விழாமல் ஒரே வளைவாகக் கொண்டுவருவது, தட்டையாக அரைத்து நிறுத்துவதைவிடக் கடினமான வேலை. பொதுவாக ஓரத்தை மழிப்பது கையால் செய்யும் வேலை, நேரம் பிடிக்கும் வேலை. சதுரமாக விடுவது பல சமயம் துல்லியத்தின் பெருமிதம் கிடையாது, அங்கேயே நிறுத்திக்கொண்டதுதான். ஆகவே ஓரத்தை வைத்துக் கைவேலையை எடைபோட முடியாது. நல்ல தொழிலாளி இரண்டையும் நன்றாகச் செய்வான். மோசமானவன் இரண்டையும் கெடுப்பான்.

அடுக்குகளின் அளவிலிருந்தே இன்னொரு கணக்கு கிடைக்கிறது. ஒற்றை அலகுக் கத்தியின் தடிமன் சுமார் 11 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதில் இருபுறமும் எலும்புப் பட்டை ஏறத்தாழ 3 மி.மீ. ஓரத்தை ஒன்றரை மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டினால் முழு உருட்டலும் எலும்புக்குள்ளேயே முடிந்துவிடும். பித்தளையையும் எஃகையும் தொடாது. முதுகில் 8 மி.மீ. சமதளம் மிஞ்சும். கை இதமாக உணர அது போதும். திசை அறியவும் அது போதும். நான்கு மில்லிமீட்டர் உருட்டினால் சமதளம் 3 மி.மீ.க்குச் சுருங்கும். பிடி ஏறக்குறைய வட்டமாகும், உருட்டல் பித்தளையைத் தாண்டி எஃகுக்குள் போகும், மேலே சொன்ன வரப்புக் கோளாறுகள் எல்லாம் அங்கேதான் பிறக்கும். அரை மில்லிமீட்டர் என்றால் கண்ணுக்கு மழித்ததுபோல் தெரியும், விரலுக்குத் தெரியாது. கையின் தேவையும் கட்டுமானத்தின் வசதியும் இப்படி ஒரே எண்ணில் வந்து நிற்பது எனக்குத் தற்செயலாகப் படவில்லை.

எந்த ஓரம் முக்கியம் என்பதும் இதோடு சேர்ந்தது. கூர் கீழ்நோக்க, அழுத்தி வெட்டும்போது உள்ளங்கை முதுகை அழுத்துகிறது. உருளைக்கிழங்குத் தோல் சீவுவதுபோலக் கட்டைவிரலை நோக்கி இழுத்துச் சீவும்போது விரல் மடிப்புகள் முதுகைச் சுற்றி இழுக்கின்றன. இரண்டிலும் பெரும் சுமை முதுகின் இரண்டு ஓரங்கள்மேல். எனவே முதுகோரத்துக்கு முதலிடம், வாயோரத்துக்கு அடுத்த இடம். கடைசியில், நுனிகள்.

பார்லோ கத்தி இந்த இடத்தில் ஒரு நல்ல சோதனை. ஷெஃபீல்டில் பிறந்து அமெரிக்காவில் ஏழைப் பையன்களின் கத்தியானது. மார்க் ட்வைனின் டாம் சாயருக்குப் பரிசாகக் கிடைப்பது பன்னிரண்டரை சென்ட் பெறும் ஒரு பார்லோதான். அதன் அடையாளம், பிடியின் முன்பகுதியை நெடுந்தூரம் மூடும் நீண்ட உலோகப் பூண். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் பலமாகப் பிடிக்கும் இடம் சரியாக அதுவே. எலும்பு வருடக்கணக்கில் தேய்ந்து தானே மழுங்கும். உலோகப் பூண் அவ்வளவு சீக்கிரம் இறங்கிவராது. ஆக, பார்லோவின் ஓரத்தைப் பட்டறையிலேயே மழிக்காமல் அனுப்பினால் வாங்கியவர் ஆயுள் முழுதும் அதை அனுபவிப்பார். மற்ற வடிவங்களில் சதுர ஓரத்தை மன்னிக்கலாம், இதில் முடியாது.

பழைய கத்திகள் எல்லாம் உருண்டையாகத்தான் இருந்தன என்ற உருண்டைக் கட்சியின் வரலாற்று வாதம் நிற்காது. தாத்தாவின் கத்தி உருண்டையாக இருக்கிறது, ஏனென்றால் தாத்தா அதை நாற்பது வருடம் பாக்கெட்டில் சில்லறையோடு சுமந்தார். தேய்மானத்தைத் தொழிலாளியின் நோக்கமாகப் படிக்கக்கூடாது. கேஸ் கம்பெனி இந்த ஏக்கத்தைப் புரிந்துகொண்டு, பாக்கெட்டில் தேய்ந்ததுபோலப் புதிதாகவே எலும்பை மழுக்கி, அந்தப் பெயரிலேயே ஒரு வரிசையை விற்கிறது. அதைக் கேலி செய்பவர்கள் உண்டு. நான் செய்யமாட்டேன். கையில் எடுத்த முதல் நாளே உறுத்தாத கத்தி கிடைக்கிறது. ஏக்கத்தை விற்று இதத்தைக் கொடுத்தால் நஷ்டமில்லை.

சதுரத்தை மழிக்கலாம், மழித்ததைச் சதுரமாக்க முடியாது, ஆகவே சதுரமாக வாங்குவதே புத்திசாலித்தனம் என்பது எதிர்த்தரப்பின் கடைசி ஆயுதம். தர்க்கம் வலுவானது. ஆனால் உப்புத்தாளை எடுத்து உட்கார்ந்ததும் பொருள் குறுக்கே நிற்கும். மரப்பிடி, ரெசினில் ஊறவைத்த துணி அடுக்குப் பிடி என்றால் பிரச்சினையே இல்லை. சாயம் ஏற்றிய எலும்பில் சாயம் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் அழுத்தமாகப் பிடித்திருக்கும். ஓரத்தைத் தேய்த்தால் வெளுத்த கோடு எட்டிப் பார்க்கும். எலும்புத் தூள் நெடியும் மூக்குக்கு ஆகாது, முகமூடி இல்லாமல் உட்காரவே கூடாது. அலுமினியத்தில் நிறம் பிடிக்கச் செய்த மேற்பூச்சு போய்விடும். ஆக, இந்த உரிமை சில பிடிகளுக்குத்தான். அதைவிட, பட்டறையில் சில நிமிடத்தில் முடிய வேண்டிய வேலையை வாங்கியவர் தலையில் கட்டிவிட்டு அதைச் சுதந்திரம் என்று அழைப்பது எனக்கு ஒப்பவில்லை.

சதுரத்துக்குச் சாதகமாக ஒன்று மிச்சம் இருக்கிறது: மூலை இருந்தால் பிடி கைக்குள் திரும்பாது. தட்டையான பக்கமே அதைப் பெருமளவு பார்த்துக்கொள்ளும் என்றேன். மீதியைப் பார்த்துக்கொள்ள மூலையைவிட நல்ல வழி உண்டு. மான்கொம்புப் பிடியைப் பார்த்தால் புரியும். கத்திப் பிடிக்குப் பெயர்பெற்ற கொம்பு நம் கடமானுடையது. 1990களின் பிற்பகுதியில் இந்தியா அதன் ஏற்றுமதியைத் தடுத்த பிறகு வெளிநாட்டுப் பட்டறைகளில் அது அரிதாகி, விலையும் எகிறியது. கொம்பின் மேற்பட்டையே நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழும் இயல்புடையது. அதைச் சதுரமாக்கினால் அழகான மேற்பட்டை போய்விடும் என்பதால் யாரும் சதுரமாக்குவதில்லை. ஆனாலும் அது கையில் சுழல்வதில்லை. கொம்பின் மேடுபள்ளங்கள் தோலைப் பற்றிக்கொள்கின்றன. சாதாரண எலும்பில் உளிவைத்துக் கொத்தியதுபோல் வரிவரியாக வெட்டிவைப்பதும், அலுமினியத்தில் வைரக்கட்டம் அச்சடிப்பதும் இதே வேலைக்குத்தான். உண்மையில் கையில் உருளும் பிடி, வழவழப்பான எலும்பை முழு வட்டமாக உருட்டியது. கண்ணாடிப் பெட்டியில் அதுதான் முதலில் கண்ணைப் பறிக்கும் என்பது வேறு விஷயம்.

தீர்ப்பு: பூட்டில்லாத மரபான பேனாக்கத்திக்குப் பக்கம் தட்டையாகவும் ஓரம் உருண்டும் இருக்க வேண்டும். உருட்டல் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆரம், முதுகில் கூடுதலாக, வாயில் குறைவாக. பாக்கெட்டுக்காக ஓரத்தை இதற்குமேல் கரைக்க வேண்டாம். அதற்குத் தடிமனைக் குறைக்க வேண்டும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் கூர்ச்சதுரத்தைத் தள்ளி உருண்டையை எடுப்பேன், அதன் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும் பட்சத்தில். மூன்று விதிவிலக்குகளை ஏற்கிறேன். வளையப் பூட்டுள்ள ஒப்பினெல் வட்டமாகவே இருக்கட்டும். பென்சிலும் காகிதமும் நூலும் தவிர வேறெதையும் வெட்டாதவருக்கு ஹிகோனோகாமியின் சதுரம் ஒரு குறையே இல்லை. மெல்லிய அலுமினியக் கத்திக்குப் பாதி மன்னிப்பு.

கடையில் கத்தி பார்க்கப் போகிறவர்கள் முதலில் அலகைத் திறக்க வேண்டாம். மூடியபடியே முதுகை விரல் மடிப்புகளுக்குள் வைத்து, ஈரத்துணி பிழிவதுபோல் கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்து பாருங்கள். ஒற்றை அகலத் தழும்பு இருந்தால் விலை பேசலாம். இரண்டு மெல்லிய கோடுகள் இருந்தால், எஃகு எவ்வளவு உயர்ந்ததானாலும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.